அம்மா அடிக்கடி விழுகிறார், ஸ்கேனில் ஒன்றுமில்லை: அடுத்து என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 76 வயது அம்மா ஆறு மாதத்தில் மூன்று முறை விழுந்திருக்கிறார். ஒருமுறை நடு இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது, ஒருமுறை காலையில் படுக்கையிலிருந்து எழுந்த கையோடு, ஒருமுறை யாரோ பின்னாலிருந்து கூப்பிட, திரும்பும்போது. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. தலை ஸ்கேன், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எதிலும் கோளாறு இல்லை. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். பயந்துபோய் இப்போது அவரைத் தனியாக நடக்கவே விடுவதில்லை. வாக்கர் வாங்கலாமா, வைட்டமின் டி கொடுக்கலாமா, இல்லை வயசானால் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. அம்மாவை ஒரே இடத்தில் உட்கார வைக்காமலே விழாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? முழுக்கத் தடுத்துவிடலாம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கணிசமாகக் குறைக்க முடியும், அதுவும் அவர் நடமாடிக்கொண்டே இருந்தால்தான் முடியும்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். நடை தள்ளாடுகிறது, அடிக்கடி விழுகிறேன் என்று வரும் வயதானவர்களைத்தான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. ஒருவர் எழுவதையும் நடப்பதையும் திரும்புவதையும் கண்ணால் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய டாக்டரின் பொறுப்பு. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே நிறையத் துப்பு இருக்கிறது.

வயசு விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார். 80-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட பாதிப் பேர். அவ்வளவு சகஜம்தான். சகஜமாக நடக்கிறது என்பதால் காரணமில்லாமல் நடக்கிறது என்று ஆகிவிடாது. நாம் நிமிர்ந்து நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. கண்ணிலிருந்து, உள்காதிலிருந்து, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகளிலிருந்து. அதை வைத்து மூளை நொடிக்கு நொடி கால் தசைகளுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வயதாக ஆக இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகின்றன. தசையிலும் சட்டென்று இயங்கும் இழைகள்தான் அதிகமாக மெலிகின்றன. அதனால் பலத்தை விட வேகம் முந்திக்கொண்டு குறைகிறது. கால் தடுக்குவது எல்லா வயதிலும் உண்டு. இளையவர் கண்மூடித் திறப்பதற்குள் இன்னொரு காலை முன்னே வைத்துச் சமாளித்துவிடுவார். வயதானவரின் கால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேராது.

ஆனால் வெறும் வயசு மட்டும் யாரையும் கீழே தள்ளுவதில்லை. நான் பார்த்தவரை ஒவ்வொரு விழுதலிலும் இரண்டு மூன்று சின்ன விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடியிருக்கும். மங்கலான வெளிச்சம், மாத்திரையின் மயக்கம், அவசரம். இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கு அவர் விழுந்திருக்கவே மாட்டார். தலை ஸ்கேன் இவற்றில் எதையும் காட்டாது. ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக்கசிவு, கட்டி மாதிரியான பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை என்று நிம்மதி அடையலாம், அவ்வளவுதான். அதனால் நான் யாரிடமும் முதலில் கேட்பது ரிப்போர்ட்டை அல்ல. விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்பேன். அந்த விதத்தில் உங்கள் அம்மாவின் மூன்று விழுதலும் மூன்று வேறு கதைகள் என்று நினைக்கிறேன்.

காலையில் எழுந்ததும் விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து அதை ஈடுகட்ட வேண்டும். வயதானவர்களுக்கு, அதிலும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு, இது தாமதமாகும். சில நொடிகள் மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டும், கால் தொய்யும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த நிலையில் மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை எடுங்கள். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். கையெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்கட்டும், பின்னால் நாற்காலி இருக்கட்டும். மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ, அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். காலையில் மாத்திரை சாப்பிடும் முன்பும், சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் கழித்தும், இப்படிச் சில நாட்கள் எடுத்துக் குறித்து வைத்தால் டாக்டருக்கு அது தங்கம்.

இறக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இதே இறக்கம் வரும். எந்த மாத்திரை, எந்த நேரம், எவ்வளவு என்று டாக்டர்தான் மாற்ற வேண்டும். அதுவரை செய்யக்கூடியது எளிது. கண் விழித்ததும் எழுந்துவிடாமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டட்டும். எழுந்த பிறகும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு முதல் அடியை வைக்கட்டும். நாள் முழுக்கப் போதுமான தண்ணீர் குடிக்க வேண்டும். இரவில் எழ வேண்டுமே என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். தண்ணீரைக் குறைத்தால் காலையில் இந்த இறக்கம் இன்னும் மோசமாகும்.

இதோடு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது தலை கிறுகிறுத்து, ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்குகிறதா? அப்படியானால் அது பிரஷர் சம்பந்தப்படாத வேறு சமாசாரமாக இருக்கலாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து, அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவதால் வருவது இது. வயதானவர்களுக்கு இது சர்வ சாதாரணம். ஆனால் அவர்கள் அறையே சுழல்கிறது என்று சொல்ல மாட்டார்கள், ஒரு மாதிரி இருக்கிறது, தள்ளுகிறது என்பார்கள். அதனால் பல மாதங்கள் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடும். தலையையும் உடம்பையும் வரிசையாகச் சில நிலைகளில் திருப்பிச் செய்யும் எப்ளி முறை என்று ஒன்று உண்டு. பயிற்சி பெற்றவர் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். இதற்குத் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வீண். அந்த மாத்திரைகளே தூக்கக் கலக்கத்தைக் கொடுத்து விழ வைக்கும்.

இரவு விழுந்ததில் எனக்கு முதல் சந்தேகம் தூக்க மாத்திரை மேல்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகள், வலிப்பு மருந்துகள், அலர்ஜிக்கான பழைய வகை மாத்திரைகள், ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மருந்துகள், இவை எல்லாமே விழும் அபாயத்தைக் கூட்டுபவை. மூளையின் நரம்பு மண்டலத்தில் வேலை செய்யும் இப்படிப்பட்ட மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு நியூசிலாந்தில் நடந்து 1999-இல் வெளியானது. நிறுத்தியவர்கள் விழுவது 66 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், அதனால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில், நிறுத்தியவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மறுபடி அதே மாத்திரைக்குப் போய்விட்டார்கள். தூக்க மாத்திரையை விடுவது கஷ்டம். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், பதற்றம் வரும், சில வகைகளில் வலிப்பு கூட வரலாம். டாக்டரிடம் பேசி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு விடாமல், தூக்கம் வராததற்கு என்ன காரணம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலியா, பகல் தூக்கமா, சிறுநீர் உந்துதலா?

சிறுநீர் அவசரமே பலரைக் கீழே தள்ளுகிறது. இரவில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் எழுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை பிரஷருக்காக மாலையில் கொடுக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். நேரத்தை மாற்றினாலே இரவு எழுவது குறையக்கூடும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, சுவிட்சைத் தேடாமலே எரியும்படி தரையோரமாக ஒரு சின்ன விளக்கு வேண்டும். அந்த வழியில் தரையில் எதுவும் கிடக்கக் கூடாது.

மூன்றாவது, கூப்பிட்டதும் திரும்பி விழுந்தது. மூன்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். பகல் வெளிச்சம், தெரிந்த இடம், சமதரை. தடுக்கவும் இல்லை, வழுக்கவும் இல்லை. அப்படியும் விழுந்தார் என்றால், தடுமாறினால் சமாளிக்க உடம்பு வைத்திருக்கும் சமநிலைக் கையிருப்பே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்புவது நேராக நடப்பதை விடக் கடினமான காரியம். ஒற்றைக் காலில் உடம்பின் எடையைத் தாங்கியபடி இடுப்பைத் திருப்ப வேண்டும். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் பலமிழந்திருந்தால் ஒரு கால் இன்னொன்றில் சிக்கும். அப்போது பக்கவாட்டில்தான் விழுவார்கள், இடுப்பெலும்பு நேராகத் தரையில் மோதும். கவனம் வேறு பக்கம் போவதும் இதில் சேர்கிறது. சிலர் நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மறுபடி நடப்பார்கள். அவர்களுக்கு நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது. அப்படிப் பேசும்போது நின்றுவிடுபவர்கள் பிற்பாடு விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-இலேயே ஸ்வீடனில் கண்டறிந்து எழுதினார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லாமலே கவனித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைக்கலாம், நடந்துகொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், முன்னால் வந்து பேசட்டும்.

சரி, கால் பலம் எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா கைகளை மார்புக்குக் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 75 முதல் 79 வயதுக்குள் உள்ள பெண்களுக்கு 10-க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. எண்ணிக்கையை விட அவர் எழும் விதம் எனக்கு அதிகம் சொல்லும். எழுவதற்கு முன் முன்னால் நகர்ந்து பாதத்தைப் பின்னுக்கு இழுக்கிறாரா, இல்லை காலை நீட்டி வைத்துக்கொண்டே எழப் பார்க்கிறாரா? முதல் முயற்சியில் பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்துவிடுகிறாரா? முழங்காலின் பின்பக்கத்தை நாற்காலியில் முட்டுக்கொடுத்து எழுகிறாரா? உட்காரும்போது மெதுவாக இறங்குகிறாரா, கடைசி அரை அடியில் பொத்தென்று விழுகிறாரா? பொத்தென்று உட்காருபவருக்குத் தொடையின் முன் தசை போதவில்லை. அதே தசைதான் படி இறங்கும்போதும் தடுக்கும்போதும் தாங்க வேண்டும். இன்னொன்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. எதையும் பிடிக்காமல் 10 நொடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல். இதைச் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

இனி உடற்பயிற்சி. இதுவரை சொன்னவற்றில் பலவும் ஆளுக்கு ஆள் மாறும். இது மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும். விழுதலைத் தடுப்பதில் இதற்கு இருக்கும் அளவு ஆதாரம் வேறெதற்கும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 25 நாடுகளில் 23,000-க்கு மேற்பட்ட முதியவர்களை வைத்துச் செய்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுவூட்டும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 34 சதவீதம் வரை குறைந்தது. தாய் சீ என்ற மெதுவான அசைவுப் பயிற்சியும் நல்ல பலன் கொடுத்திருக்கிறது. வெறும் நடைப்பயிற்சிக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நடை இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, தாராளமாக நடக்கட்டும். ஆனால் தினம் அரை மணி நேரம் நடக்கிறாரே, பிறகு ஏன் விழுகிறார் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, சமநிலை கூடவேண்டுமானால் சமநிலையையே சோதிக்கும் பயிற்சி வேண்டும் என்பதுதான். கொஞ்சம் தள்ளாட வேண்டும், அந்தத் தள்ளாட்டத்தை உடம்பே சமாளிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைக் காலை நீட்டி மடக்குவது இதற்குப் போதாது.

வீட்டில் எப்படி ஆரம்பிப்பது? இடுப்பு உயரத்தில் ஆடாமல் இருக்கும் ஒரு மேடையோ கனமான மேஜையோ போதும். அதன் முன் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்கட்டும், பத்து தடவை. பிறகு விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்கட்டும், அதுவும் பத்து. பிறகு மேடையைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நண்டு நடை, அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வரட்டும். திரும்பும்போது விழுபவருக்கு இந்தப் பக்க நடை ரொம்ப முக்கியம். அப்புறம் நாற்காலியில் எழுந்து உட்காருவது, முடிந்தவரை கை ஊன்றாமல். இது சுலபமானதும் பிடியைக் குறைக்க வேண்டும். இரண்டு கை, ஒரு கை, இரண்டு விரல், கடைசியில் கை மேடைக்கு மேல் ஓர் அங்குலம் உயரத்தில் சும்மா இருக்கட்டும். பிடியைக் குறைக்கும் அந்தக் கட்டத்தில்தான் பயிற்சியே வேலை செய்கிறது. பல குடும்பங்கள் பயத்தில் அங்கேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டே செய்வார்கள், பிறகு பலனில்லை என்பார்கள். அந்தக் கட்டம் வந்ததும் நேர்கோட்டு நடை, பின்னோக்கி நடை, எட்டு போட்டு நடப்பது, நடக்கும்போது பேசுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் கிட்டத்தட்ட இதே பாணிதான். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம், கணுக்காலில் சிறு எடை கட்டி, அதோடு வாரம் இரண்டு நாள் நடை. அந்த ஆய்வுகளில் விழுதல் ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்தது. வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம் வரை போக முடிந்தால் பலன் இன்னும் அதிகம். வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும், நிறுத்தினால் பலனும் மெல்லக் கரையும். மூன்று தடவை விழுந்தவர் என்பதால் முதல் சில தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து, எந்தக் கட்டத்திலிருந்து தொடங்குவது என்று வகுத்துக் கொடுப்பது நல்லது.

இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது பற்றி. அம்மாவைத் தனியாக நடக்க விடாமல் வைத்திருப்பது அன்பினால்தான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உட்கார்ந்தே இருக்கும் ஒவ்வொரு வாரமும் கால் தசை கரைகிறது, நம்பிக்கையும் கரைகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே நடையைக் குறைத்து, குறைத்ததாலேயே பலமிழந்து, மறுபடி விழுபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இன்னொரு விளைவும் உண்டு. நடமாட்டத்துக்குத் தடை போட்டால் அடுத்த தடவை விழுந்ததை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். முழங்கையில் கன்றிப்போன தழும்பைப் பார்த்துக் கேட்டால்தான், சும்மா இடித்துக்கொண்டேன் என்று வரும். நமக்குத் தேவையான துப்பே போய்விடும். எங்கே போகலாம், எப்போது துணை வேண்டும் என்பதை அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

வாக்கர் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். சுவரையும் மேஜையையும் தொட்டுத் தொட்டு நடக்கிறார் என்றால் ஏதோ ஒரு துணை வேண்டும் என்று அவரே காட்டிக்கொடுக்கிறார். அது கைத்தடியா வாக்கரா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். உயரம் மட்டும் நிச்சயம் சரியாக இருக்க வேண்டும். காலணியோடு நிமிர்ந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம். என்னிடம் வருபவர்களில் பலர் தோள் காதைத் தொடும் அளவுக்கு உயரமான வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒரு காலில் வலியோ பலவீனமோ இருந்தால் கைத்தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் வாங்கித் தரும் வாக்கரே தடுக்கி விழவும் வைக்கும்.

வைட்டமின் டி விஷயத்தில் நான் உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இதன் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ரத்தத்தில் குறைவு இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும், அதில் மறுபேச்சில்லை. குறைவு இல்லாதவருக்கு விழாமல் இருப்பதற்காகக் கொடுப்பதில் பலன் தெரியவில்லை. ஒரே தடவையில் பெரிய அளவு கொடுப்பது கெடுதலே செய்யலாம். 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களை விட அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவும் அதிகமானது. எலும்புத் தேய்மானம் தனி விஷயம். மூன்று தடவை விழுந்த 76 வயதுப் பெண்ணுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பது என் கருத்து. தேய்மானம் இருந்தால் அதற்கென்று மருந்துகள் உண்டு. அவை விழுவதைத் தடுக்காது, விழுந்தால் முறிவதைக் குறைக்கும்.

கண் பரிசோதனை வருடாவருடம் வேண்டும். கண்புரையைத் தள்ளிப்போடாமல் அறுவை செய்துகொண்டால் விழுதல் குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டு. மேலே தூரம், கீழே கிட்டம் என்று ஒரே கண்ணாடியில் இருந்தால் படி இறங்கும்போது காலடி மங்கலாகத் தெரியும். அடிக்கடி வெளியே போகிறவர் அதற்குத் தூரப் பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு அந்த மாற்றம் உதவுவதாகத் தெரியவில்லை. புதுக் கண்ணாடி போட்ட முதல் சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும், கண் பழகும் வரை தூரக் கணக்கு தவறும். காலணி குதிகாலைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், அடிப்பகுதி மெல்லியதாக, வழுக்காததாக இருக்க வேண்டும். காலுறை மட்டும் போட்டு வழவழப்பான தரையில் நடப்பது ஆபத்து. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, படியில் இரண்டு பக்கமும் பிடி, ஓரம் மடங்கும் விரிப்புகளை எடுத்துவிடுவது போன்ற வீட்டு மாற்றங்கள், ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு விழுதலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்திருக்கின்றன. மற்றவர்களுக்கு அவ்வளவு பலன் தெரியவில்லை. உங்கள் அம்மா முதல் வகை என்பதால் இதைத் தயங்காமல் செய்யுங்கள்.

உறுதி குறைவான இடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. மருந்து, பார்வை, பிரஷர், பயிற்சி, வீடு என்று எல்லாவற்றையும் ஒருசேரச் சரிசெய்தால் பலன் பல மடங்காகும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். 2020-இல் அமெரிக்காவில் 5,000-க்கு மேற்பட்ட முதியவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், அப்படிப்பட்ட திட்டம் கடுமையான காயங்களைக் குறைத்ததாகத் தெளிவாக நிரூபிக்க முடியவில்லை. சொன்ன பரிந்துரைகள் நடைமுறையில் முழுதாக நிறைவேறாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அதனால்தான் நீளமான பட்டியலைக் கையில் கொடுப்பதை விட, மூன்று நான்கு காரியத்தைத் தேர்ந்தெடுத்து விடாமல் செய்யச் சொல்கிறேன்.

சில அறிகுறிகள் இருந்தால் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். விழும் முன் நினைவு தப்பியது, நெஞ்சு படபடத்தது, எப்படி விழுந்தோம் என்றே ஞாபகம் இல்லை என்றால் அது இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். ஒரு நேரத்து ஈசிஜி நார்மலாக இருப்பது போதாது. கை வேலைகள் தடுமாறுவது, பட்டன் போட முடியாமல் போவது, கால் விறைப்பது என்றால் கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். அடி குறுகி, கை வீசாமல் நடப்பது, பாதம் மரத்துப்போவது இவற்றையும் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூட வெளிப்படும்.

இன்னொன்று, விழுந்தால் எழுவது எப்படி என்று அம்மாவுக்கு இப்போதே பழக்குங்கள். அடிபடாமல் விழுபவர்களிலும் பாதிப் பேரால் தானாக எழ முடிவதில்லை. மணிக்கணக்கில் தரையில் கிடப்பது, விழுந்த அடியை விட அதிகக் கெடுதல் செய்யும். முதலில் அசையாமல் வலி எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, உறுதியான நாற்காலி வரை போய், அதில் கையை ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து எழ வேண்டும். எழ முடியாவிட்டால் உதவிக்குக் கூப்பிட கைபேசி எப்போதும் உடம்போடு இருக்கட்டும், மேஜை மேல் இருந்தால் பயனில்லை.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். படுத்தும் நின்றும் எடுத்த பிரஷர் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக வாங்கியது உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போய், இவற்றில் எது இவரை விழ வைக்கும் என்று நேராகக் கேளுங்கள். 30 நொடி நாற்காலி எண்ணிக்கையையும் பாருங்கள். அந்த எண்களோடு, எழும்போதும் திரும்பும்போதும் என்ன பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.